கம்பெனி காலத்துக் கல்கத்தாவில் கடைக்காரர்களின் குலுக்கல்

"கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கல்கத்தாவில் வண்டி செய்கிறவர், நகை விற்கிறவர், படம் வரைகிறவர் என்று பலரும் லாட்டரி நடத்திப் பொருள் விற்றார்களாமே? அது ஊரை ஏமாற்றும் வேலைதானே? அரசாங்கம் எப்படி விட்டுவைத்தது?" என்பது கேள்வி.

ஏமாற்று வேலையும் உள்ளே புகுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையில் அது வேறு விஷயம். கடன் எளிதில் வசூலாகாத ஓர் ஊரில், ஒரே ஆளால் வாங்க முடியாத விலையுள்ள பொருளை ரொக்கமாக்குவதற்குத் தொழில்காரர்கள் கண்டுகொண்ட வழி அது. அரசாங்கமோ விட்டுவைத்ததோடு நிற்கவில்லை. அதே முறையைத் தானும் கைக்கொண்டு, தேவாலயமும் மண்டபமும் சாலையும் கட்டியது. கடைசியில் தனியார் அதைச் செய்யக் கூடாது என்று சட்டமும் போட்டது. சூதாட்ட மோகம் என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்றைய கடைக்காரரின் பேரேட்டைப் பார்க்காமல் அவருடைய குலுக்கலைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அந்த ஊர்க் கடைத்தெருவின் நிலைமையைச் சொல்கிறேன். 1780-களின் கல்கத்தாவில் ஐரோப்பியச் சரக்கு முழுவதும் கப்பலில் வந்தாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்து சேர ஐந்தாறு மாதம் பிடிக்கும். காற்று திரும்பும் பருவத்தை ஒட்டிக் கப்பல்கள் கூட்டமாக வரும். கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களும் அதிகாரிகளும் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்குக் கொண்டுவர அனுமதி இருந்தது. ஆகவே கண்ணாடிச் சாமான், மது, தொப்பி, கடிகாரம், பியானோ எல்லாம் ஒரே மாதத்தில் வந்து குவியும், விலை சரியும். அடுத்த பருவம் வரும்வரை சரக்கு கிடங்கில் கிடக்கும். வங்காளத்து மழைக்காலம் மரத்தையும் தோலையும் துணியையும் விட்டுவைக்காது. நாள்பட்ட சரக்கு என்றால் அங்கே அது பாதி அழிந்த சரக்கு.

இன்னொரு பக்கம், வாங்குகிறவர்களிடம் கையில் காசு இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் ஆடம்பரமாக வாழ்ந்தார்கள், ஆனால் எல்லாம் கணக்கில்தான். தையற்காரருக்கு நிலுவை, மதுக்கடைக்கு நிலுவை, வண்டிக்காரருக்கு நிலுவை. கடன் வாங்கியவர் காய்ச்சலில் இறந்துபோவார், அல்லது கப்பலேறி ஊர் திரும்பிவிடுவார். தொழில்காரர் போய் முன்பணம் கேட்கக்கூடிய வங்கிகளும் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. 1770-ஐ ஒட்டி ஒரு வணிக நிறுவனம் தொடங்கிய ஹிந்துஸ்தான் வங்கி இருந்தது. அரசு ஆதரவு பெற்ற கல்கத்தா வங்கி 1806-இல்தான் வந்தது. கடனைத் தீர்க்க முடியாதவர் சிறைக்குப் போக வேண்டியதுதான். 1780 ஜனவரியில் இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளைத் தொடங்கிய ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியே அப்படிப் போனவர். கப்பல் வணிகத்தில் நஷ்டப்பட்டு, கடன்காரர்கள் துரத்த, சிறைக்குள் இருந்தபடியே அச்சுத் தொழிலைத் தொடங்கியவர் அவர்.

இப்போது ஒரு வண்டிக் கடைக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். இது கணக்கு விளங்குவதற்காக நானே சொல்லும் உதாரணம். அவரிடம் ஒரு புதிய சாரட்டு நிற்கிறது. விலை 3,000 ரூபாய். ரொக்கம் கொடுத்து வாங்க ஊரில் ஆள் இல்லை. கடனுக்குக் கொடுத்தால் மூன்று வருடம் இழுக்கும், அதற்குள் வாங்கியவர் இருப்பாரோ மாட்டாரோ. ஏலத்தில் விட்டால் 1,500-க்குப் போகும், அதிலும் ஏலக்கடைக்காரருக்குக் கமிஷன். இந்த இடத்தில் அவர் 60 சீட்டு அச்சடித்து, ஒன்றுக்கு 50 ரூபாய் என்று விளம்பரம் செய்கிறார். 50 ரூபாய் கையில் உள்ளவர்கள் ஊரில் நிறைய. சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்தால் அவருக்கு 3,000 ரூபாய் ரொக்கம் கைக்கு வருகிறது. வெல்கிறவருக்கு வண்டி. மற்ற 59 பேருக்கு ஆளுக்கு 50 ரூபாய் போயிற்று, அவ்வளவுதான். ஒருவர் தலையில் ஏற முடியாத விலையை அறுபது பேர் மேல் பரப்பிப்போட்டு எடுத்துக்கொள்கிறார் அந்த மனிதர்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியம் அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்காரர் குலுக்கல் சீட்டு நடத்தினார். மாதம் 10 ரூபாய். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடை வாசலில் பெஞ்சு போட்டு, ஓர் எவர்சில்வர் தூக்கில் பெயர் எழுதிய துண்டுக் காகிதங்களைப் போட்டுக் குலுக்குவார். கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். பெயர் விழுந்தவருக்கு அன்றே அண்டா, மேற்கொண்டு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு ஏழாவது மாதம் விழுந்தது. அந்த அண்டாவின் விளிம்பில் பெயர் வெட்டும்போது கடைக்காரர் மாதத்தையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தார். கல்கத்தாவில் எல்லாருக்கும் கடைசியில் பொருள் கிடைக்காது, நம் சீட்டில் கிடைக்கும். அந்த வேறுபாடு பெரியதுதான். ஆனால் கடைக்காரரின் தேவை இரண்டிலும் ஒன்றே. சரக்கு நகர வேண்டும், ரொக்கம் வர வேண்டும்.

அந்தக் காலத்துக் கல்கத்தா பத்திரிகைகளின் விளம்பரப் பத்திகளில் வீடு, தோட்ட வீடு, நகை, ஓவியம் எல்லாம் இப்படிச் சீட்டுக்கு வந்தன. அவற்றில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய தடயம் இருக்கிறது.

முதலாவது, தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். இவர்களைப் பெரிய ஓவியர்களாக நாம் அறிகிறோம். ஆனால் தாமஸ் தொழில் பழகியது வண்டிகளில் குலச்சின்னம் தீட்டும் பட்டறையில். கைத்தொழில்காரராகத்தான் அவர் தொடங்கினார். 1786-இல் கல்கத்தா வந்து இறங்கிய இருவரும் அந்த நகரத்தின் 12 காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். பிறகு 1788 முதல் 1791 வரை வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். திரும்பி வந்தபோது கையில் ஏராளமான படங்கள், பணம் மட்டும் இல்லை. அப்போது அவர்கள் செய்ததுதான் நம் விஷயத்தின் மையம். தங்கள் எண்ணெய் வண்ண ஓவியங்களையே பரிசாக வைத்துக் கல்கத்தாவில் லாட்டரி நடத்தினார்கள். வந்த பணத்தை எடுத்துக்கொண்டு 1792-இல் மதராஸுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்று பாருங்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பகுதி மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். திருச்சி மலைக்கோட்டை, மதுரை, இராமேசுவரம், குமரி முனை, பாபநாசம் அருவி, தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் என்று பல்லக்கிலும் குதிரையிலும் போய்த் தீட்டினார்கள். 1793 தொடக்கத்தில் மதராஸ் திரும்பியதும் அங்கேயும் ஒரு லாட்டரி நடத்தி, அந்தப் பணத்தில் மேற்குக் கரையை நோக்கிப் புறப்பட்டார்கள். புகைப்படம் பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் தஞ்சைக் கோபுரமும் மதுரை மண்டபமும் எப்படி இருந்தன என்று நாம் இன்று பார்க்க முடிகிறதென்றால், அந்தப் பயணத்துக்கான வழிச்செலவு கல்கத்தாவில் யாரோ வாங்கிய சீட்டுகளிலிருந்து வந்தது. அவர்களில் பலருக்கு ஒன்றும் விழுந்திருக்காது. பாபநாசம் அருவிப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெயர் தெரியாத சீட்டுக்காரர்களின் நினைவு வருகிறது.

இரண்டாவது, டிரெட்டா பஜார். எட்வர்டு டிரெட்டா வெனிஸ் குடியரசைச் சேர்ந்த த்ரெவீசோ ஊர்க்காரர். இளமையில் பாரிஸில், காதல் லீலைகளுக்குப் பேர்போன காசனோவாவின் நண்பராகச் சுற்றித் திரிந்தவர். எப்படியோ கல்கத்தா வந்து சேர்ந்து, அங்கே தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் கண்காணிப்பாளர் ஆனார். சொந்தமாக ஒரு சந்தையும் கட்டினார். கடைகளும் கொட்டகைகளும் கொண்ட, மாத வாடகை வரும் பெரிய சொத்து அது. பிறகு கடனில் மூழ்கினார். ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சந்தையை அன்றைய கல்கத்தாவில் ரொக்கம் வைத்து யார் வாங்குவது? வண்டிக் கடைக்காரர் செய்ததையே இவரும் பெரிய அளவில் செய்தார். சந்தை சீட்டுக்குப் போயிற்று. 1790-ஐ ஒட்டி நடந்த அந்தக் குலுக்கலில் அது சார்லஸ் வெஸ்டனுக்கு விழுந்தது.

வெஸ்டன் கல்கத்தாவிலேயே பிறந்த ஆங்கிலோ இந்தியர். 1756-இல் கல்கத்தாக் கோட்டைச் சிறையறையில் ஆங்கிலேயர் பலர் மூச்சுமுட்டி இறந்ததாகச் சொல்லப்படும் கருங்குழிச் சம்பவத்தில் பெயர் அடிபட்ட ஹோல்வெல்லிடம் வேலை பார்த்து வளர்ந்தவர். 1775-இல் மகாராஜா நந்தகுமார் மீது நடந்த போலிப் பத்திர வழக்கில் ஜூரியாகவும் உட்கார்ந்தவர். ஏழைகளுக்கு மாதந்தோறும் பொற்காசு கொடுத்த கொடையாளி என்று ஊரில் பெயர் வாங்கியவர். சந்தை அவர் கைக்குப் போன பின்னும், மக்கள் வாயில் அது டிரெட்டா பஜாராகவே நின்றது. இன்றும் அப்படித்தான். கொல்கத்தாவில் விடிகாலையில் சீனச் சிற்றுண்டி விற்கும் இடம் என்று எல்லாருக்கும் தெரியும். தோற்றவர் பெயர் சந்தைக்கு நிலைத்துவிட்டது, வென்றவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி ஏமாற்று என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த முறையில் பலவீனமான இடம் குலுக்கல் அல்ல, விலை மதிப்பு. 1,800 ரூபாய் பெறுமான வண்டியை 3,000 என்று சொந்தக்காரரே மதிப்புப் போட்டுக்கொண்டால், சீட்டு வாங்கும் அத்தனை பேரும் சேர்ந்து 1,200 ரூபாயை அவருக்குச் சும்மா கொடுக்கிறார்கள். இங்குதான் தொழில்காரரின் நாணயம் சோதிக்கப்பட்டது. சிறிய ஐரோப்பியச் சமூகம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வண்டியைப் போய்த் தட்டிப் பார்க்கலாம், இன்னொரு வண்டிக்காரரை அழைத்துக்கொண்டு போய் விலை கேட்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. 60 சீட்டில் 40 மட்டுமே விற்றால் என்ன செய்வது? மீதி 20-ஐக் கடைக்காரரே வைத்துக்கொண்டு குலுக்க வேண்டும், அல்லது தேதியைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளத் தள்ள வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள். அவரே வைத்துக்கொண்டு குலுக்கினால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் வண்டியும் பணமும் அவரிடமே நின்றுவிடும். சட்டப்படி அதில் தவறில்லை, பார்க்கிறவர்களுக்கு மட்டும் உறுத்தும். ஆகவே சீட்டு முழுவதும் தீருவதில் கடைக்காரருக்கு மானப்பிரச்சினையே இருந்தது.

குலுக்கும் விதத்தைப் பொறுத்தவரை, அந்தக் காலத்து ஆங்கிலேயர் வழக்கம் இரட்டைச் சக்கரம். ஒரு சக்கரத்துக்குள் சீட்டு எண்கள், இன்னொன்றுக்குள் பரிசுத் துண்டுகளும் வெற்றுத் துண்டுகளும். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படிப்பார்கள். லண்டனில் அரசு லாட்டரிக்கு ஒரு தருமப் பள்ளியின் சிறுவர்களை நீல அங்கியோடு நிறுத்தி எடுக்க வைத்தார்கள். இதைப் படித்ததும் நமக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டும் ஒன்றும் அறியாத சிறுபிள்ளையைக் கொண்டுதான் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் சொல்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்கள் ஒரே காரணத்துக்காக ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. எங்கள் பாத்திரக் கடைக்காரரும்தான்.

ஐரோப்பியர்களோடு நின்றுவிட்ட பழக்கமும் அல்ல இது. வங்காள மொழியில் லாட்டரிக்குச் 'சுர்த்தி' என்று ஒரு பழைய சொல் உண்டு. அதிர்ஷ்டம் என்ற பொருளுள்ள 'சோர்த்தெ' என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லை விட்டு அதற்கும் முந்திய சொல்லை மக்கள் வைத்துக்கொண்டார்கள் என்றால், இந்த ஆட்டம் ஆங்கிலேயருக்கு முன்பே அந்தக் கரையில் காலூன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரசாங்கத்துக்கு வருவோம். கல்கத்தாவில் நகராட்சி வரி என்று உருப்படியாக ஒன்று 1790-களின் நடுவில்தான் தொடங்கியது. அதுவும் குப்பை வாரவும் காவலுக்குமே போதவில்லை. பெரிய கட்டடத்துக்கு எங்கே போவது? 1784-இல் புனித யோவான் தேவாலயம் கட்டத் தொடங்கியபோது, நிலத்தை மகாராஜா நவகிருஷ்ண தேவ் கொடுத்தார். பொது லாட்டரியில் 30,000 ரூபாய் திரட்டினார்கள். கிறித்தவக் கோயில் கட்டச் சூதுப் பணமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அது நன்கொடைச் சீட்டு. அடுத்தது டவுன் ஹால். ஜான் கார்ஸ்டின் வடிவமைத்து 1813-இல் முடிந்த, பருத்த தூண்கள் கொண்ட அந்த மண்டபத்துக்கு லாட்டரிகளில் வந்த தொகை சுமார் 7 லட்சம்.

கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி பிரபு 1803-இலேயே நகரத்தைச் சீர்படுத்தத் திட்டம் எழுதிவைத்திருந்தார். அதைப் பெரிய அளவில் நிறைவேற்றியது 1817-இல் அமைந்த லாட்டரிக் கமிட்டி. பெயரே அதுதான், லாட்டரிக் கமிட்டி. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு மாநகரத்தின் பொதுப்பணித் துறை போல அது வேலை செய்தது. வடக்கும் தெற்குமாக நகரத்தை ஊடுருவும் நெடுஞ்சாலை, கார்ன்வாலிஸ் தெரு, கல்லூரித் தெரு, வெலிங்டன் தெரு, வெல்லெஸ்லி தெரு என்று ஒன்றன் தொடர்ச்சியாக ஒன்று வெட்டப்பட்டது. வழியில் சதுக்கங்களும், குடிநீருக்குக் குளங்களும் வந்தன. ஆற்றங்கரையில் ஸ்டிராண்டு சாலை வந்தது. இன்று புத்தகம் வாங்கக் கல்லூரித் தெருவுக்குப் போகிற தமிழர்கள் நிறைய. அந்தத் தெருவின் அகலம் சீட்டுப் பணத்தின் அகலம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்தச் சாலைகள் வெற்று நிலத்தில் போடப்படவில்லை. இந்தியர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளின் குறுக்கே போயின. கமிட்டி நிலத்தை வாங்கிச் சாலை போட்டு, சாலையோரத்து மனைகளை விற்றது. சொந்த நிலம் வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது. குடிசை போட்டிருந்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். கடைக்காரரின் லாட்டரியில் இழந்தவர்கள் தாமாக முன்வந்து பணம் போட்டவர்கள். அரசாங்கத்தின் லாட்டரியில், சீட்டையே கண்ணால் பார்க்காதவர்களும் இழந்தார்கள். ஏமாற்று என்று நீங்கள் கேட்டதற்கு நான் விரல் நீட்டுவதானால் இந்தப் பக்கம்தான் நீட்டுவேன்.

முடிவு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அரசு லாட்டரியின் கடைசிக் குலுக்கல் 1826 அக்டோபரில் நடந்தது. ஏழைகளைக் கெடுக்கிறது என்ற எதிர்ப்பு வலுத்துவிட்டது. தாய்நாட்டில் கூடாது என்று நிறுத்தியதைக் காலனியில் நடத்துவது சங்கடமாயிற்று. 1836-இல் கல்கத்தாக் கமிட்டி முடிவுக்கு வந்தது. பிறகு 1844-இன் 5-ஆம் சட்டம், அரசாங்கத்தின் அனுமதி பெறாத லாட்டரிகள் அனைத்தையும் தடைசெய்தது. அந்த வாசகத்தைக் கவனியுங்கள். அரசுக்குக் கதவு திறந்தே இருந்தது, கடைக்காரருக்குத்தான் மூடியது. 1870-இல் தண்டனைச் சட்டத்திலும் 294-ஏ என்று ஒரு பிரிவாக அது ஏறியது.

அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் 1967-இல் கேரள அரசும், 1968-இல் அண்ணாதுரை ஆட்சியில் தமிழ்நாட்டு அரசும் லாட்டரியோடு நுழைந்தன. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கத்தை டவுன் ஹால் வாசலில் எழுதி வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் அது தடைசெய்யப்பட்டது, கேரளத்தில் தொடர்கிறது. எங்கள் பாத்திரக் கடைக்காரரின் சீட்டோ அதற்கு முன்பே நின்றுபோயிற்று. 1978-இல் மத்திய அரசு பரிசுச் சீட்டுத் திட்டங்களைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. ஊரில் பணத்தோடு ஓடிப்போன சீட்டுக்காரர்கள் பலர் இருந்தார்கள், சட்டத்துக்குக் காரணம் இருந்தது. இவர் ஓடவில்லை. மீதி இருந்த பதினோரு பேருக்கும் ஒரே நாளில் அண்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, நோட்டில் ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு கோடு இழுத்தார்.